டவுன்ஹில் சைக்கிளுக்கு எந்தக் கையுறை?

கேள்வி: ஜூலையில் கனடாவின் விஸ்லர் பைக் பார்க்குக்கு டவுன்ஹில், அதாவது மலைச்சரிவில் சைக்கிளில் வேகமாக இறங்கும் ஓட்டத்துக்குப் போகிறேன். விரல் முட்டியில் கெட்டி பிளாஸ்டிக் வைத்த மோட்டார்சைக்கிள் கையுறை இருக்கிறது. அதுவே போதுமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. அதன் உள்ளங்கை தடிமன். டவுன்ஹில்லில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே பிரேக் பிடிப்போம். லீவர் அந்த விரலுக்கு நன்றாகத் தெரிய வேண்டும். உள்ளங்கை மெல்லிய செயற்கைத் தோலாக இருக்கட்டும். தடித்த பஞ்சு இருந்தால் பிடியை இன்னும் இறுக்குவோம், முன்கை சீக்கிரம் கல்லாகிவிடும். காப்பு வேண்டியது புறங்கைக்கு. மரமும் கிளையும் உரசுவது சுண்டுவிரல், மோதிரவிரல் முட்டிகளில்தான். டி3ஓ மாதிரி, சும்மா இருக்கையில் வளைந்து அடிபடும்போது மட்டும் இறுகும் பட்டை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். முழுவிரல் கையுறைதான், அதில் பேச்சே இல்லை.

கேள்வி கேட்டவர்: சரி அண்ணா, அளவு?

பதில்: கட்டைவிரலைச் சேர்க்காமல் உள்ளங்கையைச் சுற்றி டேப்பால் அளந்து பாருங்கள். அப்புறம் போட்டுக்கொண்டு ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். உள்ளங்கையில் துணி மடிந்தால் பெரிது. அந்த மடிப்பே கொப்புளம் போடும்.

இன்னொருவர்: அங்கே மழையும் வரும். மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும். கையுறை தோலைக் காக்கும், மணிக்கட்டு முறிவைத் தடுக்காது.