கம்பிவலைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கதைத்தது

2023 ஒக்டோபர் 14 வாக்கெடுப்புக்கு முன், ஆறு கிழமையாகச் சனி ஞாயிறுகளில் மேற்கு சிட்னியில் வீடு வீடாகப் போனேன். நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல இந்த நாட்டின் பூர்வீகக் குடிகளுக்கென்று ஒரு அவை வேண்டும், அது அரசியலமைப்பிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டுத்தான் போனோம். 60 வீதம் பேர் 'இல்லை' போட்டார்கள், ஆறு மாநிலத்திலும் தோற்றோம். என்றாலும் எங்கட ஆக்களின் வாசல்களில் கேட்டதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும் போல இருக்கிறது.

முதல் கிழமை நான் செய்தது முழுக்கப் பிழை. ஒருவர் பூர்வீகக் குடிகளைப் பற்றி "அவை குடிச்சுப்போட்டு சென்டர்லிங்க் காசில (அரசாங்க உதவிப்பணத்தில்) இருக்கிறவை" என்றதும் எனக்குக் கோபம் வந்து, அவர்களையும் நாட்டின் சனத்தொகைக் கணக்கில் சேர்க்கக் கேட்ட 1967 வாக்கெடுப்பில் 90 வீதத்துக்கு மேல் 'ஆம்' விழுந்ததில் தொடங்கி எல்லாவற்றையும் அவருக்குப் படிப்பித்தேன். மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பிறகு குழுவில் இருந்த ஒரு அக்கா வேறு விதம் சொல்லித்தந்தா. எவ்வளவு ஆதரவு என்று 0 முதல் 10 வரை ஒரு இலக்கம் கேள், என்ன சொன்னாலும் மறிக்காதே, அவர்களுக்கு நடந்ததைக் கேள், உனக்கு நடந்ததைச் சொல், கடைசியில் இலக்கத்தைத் திரும்பவும் கேள். 2008இல் கலிபோர்னியாவில் ஒருபால் திருமண வாக்கெடுப்பில் தோற்றவர்கள், எதிராக வாக்களித்த பகுதிகளுக்கே போய் ஏன் என்று கேட்கத் தொடங்கியதில் வந்த முறையாம். மயாமியில் திருநர் மீதான வெறுப்பை வைத்துச் சோதித்திருக்கிறார்கள், 2016இல் வெளியான ஆய்வு அது. பத்து நிமிடக் கதையின் பலன் மூன்று மாதம் கழித்தும் இருந்திருக்கிறது.

அப்புறம்தான் அந்த ஐயா. பெமுல்வோய் என்ற இடத்தில் வீடு, வாசலில் மாவிலை காய்ந்து தொங்கியது. எழுபது வயதிருக்கும், கம்பிவலைக் கதவைத் திறக்காமலே "ரெண்டு" என்றார். "ஏன் ஐயா பூச்சியம் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "அவையின்ர நிலம்தானே, அதுக்கு ரெண்டு." பிறகு அதே குடி, அதே காசு, அதே களவு. நான் பேசாமல் நின்றேன், அது லேசில்லை. முடித்ததும், "உங்களை ஆரெண்டே தெரியாமல் இவன் இப்பிடித்தான் எண்டு ஆரும் முடிவுகட்டினவையோ?" என்றேன்.

கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கொழும்பில் வெள்ளவத்தையில் அறை தேடி அலைந்தது, பொலிஸ் ரிப்போர்ட் இல்லாமல் ஒருவரும் அறை தராதது, சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்துத் தமிழ் ஆக்களை மட்டும் இறக்கி வெயிலில் நிற்பாட்டியது எல்லாம் வந்தது. "இப்பவும் லைசென்ஸ் இல்லாமல் கடைக்குக்கூடப் போகமாட்டன் பிள்ளை" என்று சேட்டுப் பொக்கற்றைத் தொட்டுக் காட்டினார். இங்கே ரயிலில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் எழும்பிப் போனதை நானும் சொன்னேன்.

அந்த இடத்தின் பெயர் ஆருடையது என்று அவருக்குத் தெரியாது. வெள்ளைக்காரக் குடியேற்றத்தை ஏறத்தாழ 12 வருடம் எதிர்த்து நின்ற வீரனின் பெயர், 1802இல் அவனைச் சுட்டுக்கொன்று தலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்று சொன்னேன். அப்போதுதான் கதவைத் திறந்து வெளியே வந்தார். "அஞ்சு போடு" என்றார். என்ன வாக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் அதே மாதங்களில் மேற்கு சிட்னியிலேயே பிளாக்டவுன் பக்கம் போனேன். எனக்கு ஊர் விழுப்புரம் பக்கம். ஒரு வீட்டில் தமிழ்நாட்டு அம்மா ஒருவர் தண்ணீரெல்லாம் கொடுத்துவிட்டு, "அவங்க இருக்கிற ஏரியாவுல வீடு வாங்கிடாதீங்க தம்பி" என்றார். எனக்குப் பகீரென்றது, ஏனென்றால் ஏரியா என்ற இடத்தில் காலனி (எங்கள் ஊரில் தலித் மக்களின் குடியிருப்பு) என்று போட்டால் அது அப்படியே என் பாட்டி சொன்னது. அதைத்தான் அவரிடம் சொன்னேன். சின்ன வயதில் காலனிப் பக்கம் போகாதே என்பார்கள், நானும் போகவில்லை, அங்கிருந்து வந்த என் வகுப்புப் பையன் வீட்டு வாசலைக்கூடப் பன்னிரண்டு வருடத்தில் நான் மிதித்ததில்லை, இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அது வேற, இது வேற" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இலக்கத்தைத் திரும்பக் கேட்கவே முடியவில்லை. நான் அவசரப்பட்டேனா என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் அந்த வாசலை விட்டு வந்திருக்கவும் முடியாது.

*

தம்பி, சொன்னது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் முதலில் அவவின் கதையைக் கேட்டிருக்கலாம், ஊரில் அவ எந்தத் தெரு, வெளிநாடு வந்த புதிதில் என்ன பட்டா என்று. ஐயா விஷயத்தில் ஒன்று எழுத மறந்துவிட்டேன். நான் படியிறங்கிய பிறகு பின்னால் கூப்பிட்டு, "அந்தத் தலை இப்ப எங்க இருக்குது?" என்று கேட்டார். இன்னும் கண்டுபிடிக்கவில்லை ஐயா என்றேன். அடுத்த வீட்டு மணியை நான் அடிக்கும்வரை அவர் உள்ளே போகவில்லை.