மறு: ட்ராக்‌ஷன் பார் – இழுவைத் தண்டா, முறுக்கெதிர் தண்டா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது காரின் பின் அச்சு திரும்பிவிடாமல் தடுக்கும் ட்ராக்‌ஷன் பாருக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த மடல் இழை நீண்டுகொண்டே போகிறது. வந்த பரிந்துரைகளை ஒரு வண்டியின் அடியில் பொருத்திப் பார்த்துவிடுவது நல்லது. 1967 செவர்லே கமாரோவை எடுத்துக்கொள்வோம். வலுவான எஞ்சின் கொண்ட பழைய அமெரிக்க மசில் கார்களைச் சீரமைப்பவர்கள் விரும்பித் தேடும் வண்டி. அதன் பின்பக்கக் கோளாறும் அதே அளவுக்குப் பெயர்பெற்றது. ('மசில் கா'ருக்குத் 'தசைக்கார்' வேண்டாம் என்று முன்பே முடிவாகிவிட்டது. கசாப்புக் கடை நினைவு வருகிறது என்று எழுதியவருக்கு என் ஓட்டும் உண்டு.)

அந்த ஆண்டுக் கமாரோக்களில் பெரும்பாலானவற்றின் பின் அச்சைப் பக்கத்துக்கு ஒன்றாக ஒற்றைப் பட்டைகளே தாங்கின. லீஃப் ஸ்பிரிங்குக்குப் 'பட்டை' போதும். லாரிப் பட்டறைகளில் புழங்கும் சொல்தான். இந்தப் பட்டைக்கு இரண்டு வேலை. வண்டியின் பாரத்தைத் தாங்க வேண்டும். அச்சு இடம் மாறாமல் பிடித்தும் வைக்க வேண்டும். இரண்டாவது வேலையில்தான் அது தோற்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் சக்கரம் முன்னோக்கிச் சுழல, அச்சின் கூடு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கிறது. எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குள் கொண்டுவரும் சிறு பற்சக்கரமான பினியன் இருக்கும் மூக்குப் பகுதி மேலே எழும்புகிறது. பட்டையின் முன்பாதி மேல்நோக்கியும் பின்பாதி கீழ்நோக்கியும் வளைந்து பாம்பாக நெளிகிறது. ஓரளவுக்கு மேல் நெளிய முடியாமல் அது விடுபடும்போது டயர் பிடியை இழக்கிறது. மறுகணம் பிடிக்கிறது, மறுபடி நெளிகிறது. பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது. முதல் நிகழ்வைப் 'பட்டை நெளிவு' என்றும் இரண்டாவதைச் 'சக்கரத் துள்ளல்' என்றும் வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

இனி சிக்கலான சொல்.

> ட்ராக்‌ஷனுக்கு 'இழுவை' என்பது நிலைபெற்றுவிட்டது. மின் இழுவை என்கிறோமே. எனவே 'இழுவைத் தண்டு'.

ஏற்க முடியவில்லை. இழுவைத் தண்டு என்றால் பழுதான வண்டியைக் கட்டி இழுத்துப்போகும் தண்டைத்தான் எந்த மெக்கானிக்கும் எடுத்து நீட்டுவார். தவிர, இந்தப் பாகம் எதையும் இழுப்பதில்லை.

> செய்யும் வேலையைச் சொல்வதானால் 'முறுக்கெதிர் தண்டு'.

சிந்தனை சரி, ஆனால் இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. முறுக்கப்பட்டு வில்லாக வேலை செய்யும் டார்ஷன் பாரை 'முறுக்குத் தண்டு' என்று பட்டியலில் ஏற்றிவிட்டோம். கிரைஸ்லர் 1957 முதலே தன் கார்களின் முன்பக்கத்தில் பயன்படுத்தியது அதைத்தான். ஒரே வண்டியில் முன்னால் முறுக்குத் தண்டு, பின்னால் முறுக்கெதிர் தண்டு என்று எழுதினால், பாகம் வாங்கப் போகிறவர் எதைக் கேட்டு வாங்குவார்?

என் பரிந்துரை 'முட்டுத்தண்டு'. காரணம் வண்டிக்கு அடியிலேயே இருக்கிறது. தண்டின் பின்முனை, அச்சில் பட்டை உட்காரும் இடத்தோடு இறுக்கப்பட்டிருக்கிறது. முன்முனை எதனோடும் இணையாமல் பட்டைக்குக் கீழே நீண்டு நிற்கிறது. அதன் தலையில் ஒரு ரப்பர்க் குமிழ். அச்சின் மூக்கு எழும்பும்போது தண்டும் எழும்பி, அந்த ரப்பர் பட்டையின் முன்கண்ணுக்கு, அதாவது பட்டை வண்டியோடு இணையும் முன்முனை வளையத்துக்கு, நேர் கீழே போய் முட்டுகிறது. அதற்கு மேல் அச்சு திரும்ப வழியில்லை. மோதுவதும் முட்டுதான், சாயாமல் தாங்கக் கொடுப்பதும் முட்டுதான். இந்தப் பாகம் இரண்டையும் செய்கிறது. 'முட்டுக்கட்டை' வேண்டாம், அதை அரசியல் செய்திகள் எடுத்துக்கொண்டுவிட்டன.

இந்தச் சொல் வாங்குபவருக்கும் உதவும். எங்கே முட்ட வேண்டும் என்று பார்த்து வாங்கச் சொல்லலாம். நீளம் குறைந்த தண்டு முன்கண்ணுக்கு முன்பே பட்டையின் நடுவில் முட்டி, அங்கேயே அதை வளைத்துவிடும். விலை குறைவு என்று வாங்கிய பலருக்கும் நேர்வது இதுதான்.

> அப்படியானால் லேடர் பாரும் முட்டுத்தண்டா?

இல்லை. அதன் முன்முனை வண்டிச் சட்டத்தோடு ஊசியால் கோக்கப்பட்டது. முட்டுவதற்கு இடைவெளியே கிடையாது. அது 'ஏணித்தண்டு'. நேர்ப் பந்தயத்துக்கு நன்று. தினமும் ஓட்டும் காருக்கு நான் சொல்லமாட்டேன்.

எல்லா வண்டிக்கும் முட்டுத்தண்டு வேண்டும் என்பதில்லை என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். 1964 முதல் 1972 வரை வந்த செவர்லே ஷெவெல்லில் பின்பக்கம் பட்டையே இல்லை. சுருள்வில்லும் அச்சைப் பிடிக்கும் நான்கு இணைப்புக் கைகளும்தான். கிரைஸ்லர் பட்டையின் முன்பாதியைக் குட்டையாக்கி விறைப்பேற்றியது. முட்டுக் கொடுக்கும் வேலையில் பெரும்பங்கைப் பட்டையே பார்த்துக்கொண்டது. இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அது. கமாரோவிலும் 1968இல் ஷாக் அப்சார்பர்களை ஒன்று அச்சுக்கு முன்னும் மற்றது பின்னுமாக மாற்றினார்கள். வலுவான எஞ்சின் கொண்டவற்றுக்குப் பல பட்டை அடுக்கு வந்தது. எனவே 1967 வண்டி வைத்திருப்பவர் முதலில் முன்கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா என்று பார்க்கட்டும். அடுத்து ஒற்றைப் பட்டைக்குப் பதில் அடுக்கு. அதன் பிறகும் துள்ளினால்தான் முட்டுத்தண்டு. தேய்ந்த புஷ்ஷை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் மாட்டுவது வீண்செலவு.

சஸ்பென்ஷனுக்குத் 'தொங்கல்' என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். பட்டை வைத்த மாட்டுவண்டியை வில்வண்டி என்று அழைத்த மொழியில் 'வில்லமைப்பு' எளிதாகவே நிற்கும். அதைத் தனி இழையில் பேசுவோம்.

அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பாகங்களின் பெயர்களில் வரும் பன்ஹார்ட், வாட் ஆகியவை ஆள்பெயர், நிறுவனப் பெயர் வழி வந்தவை. 'பன்ஹார்ட் தண்டு', 'வாட் இணைப்பு' என்று அப்படியே விட்டுவிடலாம். முட்டுத்தண்டுக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.