யாழ்ப்பாணம் கொக்குவில் வீட்டு மேல் அறைச் சுவர்: ‘ஆச்சி வீடு’ வாட்ஸ்அப் குழுவில் நடந்த கதை

பெரியக்கா, காலை 6.48
காலை வணக்கம். மேல்மாடியில் கம்பஸ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிற அறை இருக்கிறதல்லவா, அதன் தடுப்புச் சுவர் பழுதாகிவிட்டது. கதவுப் பிடி இடித்து இடித்து ஒரு கை போகிற அளவு ஓட்டை, பாத்ரூம் பக்கம் கீழே முழுக்க ஊறிப் பொங்கியிருக்கிறது, சீலிங்கிலும் மஞ்சள் கறை. ஜிப்சம் போர்ட் வேலை தெரிந்த நல்ல ஆள் யாரையும் தெரிந்தால் நம்பர் போடுங்கோ. ஐப்பசி மழைக்கு முன்னம் முடிக்க வேண்டும்.

சித்தி, காலை 7.02
எங்கட மதிலுக்குப் பூச்சு வேலை செய்த மேசனைக் கேள் பிள்ளை. நல்ல பொடியன். எல்லா வேலையும் செய்வான், ரெண்டு நாளில் முடித்துத் தந்துவிடுவான்.

சின்னண்ணா, காலை 7.10
சித்தி, மேசன் வேலை வேறு, போர்ட் வேலை வேறு. எங்கள் ஒபிசில் மேசனை விட்டுத்தான் செய்வித்தார்கள். அவர் போர்ட்டும் போர்ட்டும் சேர்கிற மூட்டுகளுக்கு டேப்பும் ஒட்டாமல் சீமெந்துச் சுவருக்குப் பூசுகிற வோல் புட்டியை இழுத்துவிட்டுப் போனார், வெயில் காலம் வர ஒவ்வொரு மூட்டும் கோடாக வெடித்துவிட்டது.

அத்தான், காலை 7.15
ஒருவருடன் நேற்றே கதைத்தேன். வீட்டைப் பார்க்காமலே சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லிவிட்டார். முழு முற்பணம் போட்டால் நாளைக்கே வருகிறாராம்.

நான், காலை 7.16
அத்தான் போட்டுவிடாதேயுங்கோ!!

அத்தான், காலை 7.16
போடவில்லை, போடவில்லை.

கனடா மாமா, காலை 7.31
இங்கே இரவு, இப்போதுதான் போர்ட் அடிக்கிற வேலையால் வந்தேன். பிள்ளை, அந்தச் சுவருக்கு மற்றப் பக்கம் பாத்ரூமா? டைல்ஸ் போர்ட்டின் மேலேயே ஒட்டியிருக்கிறார்களா?

பெரியக்கா, காலை 7.34
ஓம் மாமா. குளிக்கிற இடமே அந்தச் சுவரோடுதான்.

கனடா மாமா, காலை 7.45
அப்ப ஆளைத் தேட முன்னம் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று தேடு. ஜிப்சம் போர்ட் என்பது இரண்டு கடதாசிக்கு நடுவில் ஜிப்சக் கல்மா, அவ்வளவுதான். டைல்ஸ் இடுக்கால் இறங்குகிற தண்ணீரை அது குடித்துக்கொண்டே இருக்கும், ஒருமுறை ஊறிப் பொங்கினது காய்ந்தாலும் பழையபடி இறுகாது. மேலால் பூசி மறைத்தால் உள்ளுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு அந்த அறையில் படுக்கிற பிள்ளைகளுக்குத்தான் இருமல். பச்சைக் கடதாசிப் போர்ட் போட்டால் சரி என்று கடையில் சொல்வார்கள். அது ஈரக் காற்றைத் தாங்கும், தண்ணீர் ஊற்றுகிற இடத்தைத் தாங்காது. குளிக்கிற பக்கத்துக்கு சீமெந்துப் போர்ட் அடித்து, அதன் மேல் வாட்டர்புரூவ் பூசி, பிறகுதான் டைல்ஸ். அறைப் பக்கத்துக்கு ஜிப்சம் போதும்.

பெரியக்கா, காலை 7.49
சீலிங் கறை?

சின்னண்ணா, காலை 7.52
அது வேறு கதையாக இருக்கும் அக்கா. கறைக்கு நேர் மேலே தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. மோட்டரை நிறுத்த மறந்து தாங்கி வழிகிற நாட்களில் கறை பெருக்கிறதா என்று பாருங்கோ.

பெரியக்கா, காலை 7.53
அத்தானிடம் கேட்கிறேன், மோட்டர் போடுகிறது அவர்தான்.

அத்தான், காலை 7.53
ம்.

சித்தி, காலை 8.20
இவ்வளவு கரைச்சல் என்றால் அந்தப் போர்ட்டை எடுத்துவிட்டுக் கல் வைத்துக் கட்டலாமே.

சின்னண்ணா, காலை 8.26
கட்டலாம், ஆனால் அந்த இடத்தில் கீழே பீம் இல்லை சித்தி. சும்மா தட்டின் நடுவில் கல்சுவர் ஏற்றினால் பாரம் கூட. அதனால்தான் அப்போதே போர்ட் அடித்தது. கீழ் வீடு என்றால் நானும் கல்தான் சொல்வேன். 2024 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவுதான் தண்ணீர் வந்தது, போர்ட் முழங்கால் வரை உறிஞ்சிவிட்டது. நிலத்தோடு முட்ட அடித்திருந்தார்கள். அரை அங்குலமாவது தூக்கி அடித்து இடைவெளியைச் சுவர் அடியில் ஓடுகிற ஸ்கர்ட்டிங் பலகையால் மறைக்க வேண்டும் என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். வெள்ளத்துக்கு அது உதவாது, ஆனால் நிலம் கழுவுகிற தண்ணீருக்கு உதவும்.

நான், காலை 8.40
விலை விஷயம். சதுர அடி என்றால் சுவரின் சதுர அடியா, போர்ட்டின் சதுர அடியா? முதலில் அதைக் கேளுங்கோ அத்தான். சுவர் 10 அடி நீளம் 9 அடி உயரம் என்றால் 90, ஆனால் இரண்டு பக்கமும் போர்ட், அப்ப 180. இதைக் கதைக்காமல் வேலையைத் தொடங்கி, கடைசியில் கணக்குச் சொல்லும்போது சண்டை பிடித்த வீடுகள் எனக்குத் தெரியும். கதவு வாசலைக் கழிக்கிறாரா, மூட்டுப் பூச்சும் தேய்ப்பும் அதற்குள்ளேயா, பெயின்ட் யார், பழையதை உடைத்து அள்ளிக்கொண்டு போகிறது யார், எல்லாம் எழுத்தில் வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாக வந்தாலும் போதும்.

அத்தான், காலை 8.47
போர்ட் எத்தனை வேண்டும்?

சின்னண்ணா, காலை 8.55
8 அடிக்கு 4 அடி ஒரு போர்ட், 32 சதுர அடி. ஒரு பக்கத்து 90க்கு மூன்று போர்ட்டில் முடிகிற மாதிரித்தான் கணக்கு வரும், ஆனால் உயரம் 9 அடி, மேலே ஒரு அடித் துண்டு வைக்க வேண்டும், வெட்டுக் கழிவும் போகும். பக்கத்துக்கு நான்கு எடுங்கோ. சாமானை நாங்களே ஹாட்வெயாரில் பில்லோடு எடுத்துக் கொடுத்து, அவருக்குக் கூலி மட்டும் கொடுப்பது நல்லது. சுவருக்கு 12 மில்லிமீட்டர் கேளுங்கோ, சீலிங்குக்கு அடிக்கிற 9ஐத் தலையில் கட்டிவிடுவார்கள்.

கனடா மாமா, காலை 9.04
போர்ட்டைத் தாங்குகிற உள் சட்டத்தையும் பார், சனல் என்கிற தகரக் கால்கள். மெல்லிய தகர சனல் கையால் அமத்த வளையும். கதவு அடிக்கிற ஒவ்வொரு முறையும் சுவர் ஆடினால் மூட்டு வெடிக்காமல் என்ன செய்யும்? நிற்கிற சனல் இரண்டு அடிக்கு ஒன்று, டைல்ஸ் பக்கம் 16 அங்குலத்துக்கு ஒன்று. மரச் சட்டம் வேண்டாம், உங்கட கறையானுக்குக் கடதாசியும் மரமும் சேர்த்து விருந்து வைத்த மாதிரி. டிவி, புத்தகத் தட்டு எங்கே வரும் என்று இப்போதே சொல்லி, அந்த இடத்தில் உள்ளே பிளைவூட் வைக்கச் சொல். மூட முன்னம் உள்ளே வயர் போகிற இடங்களைப் போட்டோ எடுத்து இந்தக் குழுவிலேயே போட்டு வை.

கனடா மாமா, காலை 9.09
மற்றது, ரெண்டு நாளில் முடிக்கிறேன் என்றால் அந்த ஆள் வேண்டாம். மூட்டுக்கு டேப் ஒட்டி மூன்று தரம் பூச வேண்டும், ஒவ்வொரு பூச்சும் காய ஒரு நாள், மழை ஈரத்தில் இன்னும் கூட. ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் சுருங்கி வெடிக்கும். பெரிய ஆட்களின் வீட்டுக்குப் போனாலும் எனக்குச் சுவரைத்தான் பார்க்க வருகிறது, என்ன செய்ய.

நான், காலை 9.12
கை போகிற ஓட்டைக்கு அப்படியே பூசலாமா மாமா?

கனடா மாமா, காலை 9.17
இல்லை. சதுரமாக வெட்டி, உள்ளே பலகைத் துண்டு திருகி, அதே தடிப்புப் போர்ட் வைத்து, டேப், பூச்சு. கதவுக்கு ஒரு ஸ்டொப்பர் பூட்டாமல் விட்டால் அதுவும் வீண்.

சித்தி, காலை 9.41
வருகிற ஆளைக் கொண்டே கீழ் முன்னறையின் பழைய சீலிங்கையும் உடைப்பித்துப் புதிதாக அடிக்கலாமே. அந்தச் சாம்பல் நிறச் சீற் அந்தக் காலத்தில் இருந்து கிடக்கிறது.

கனடா மாமா, காலை 9.44
ஒருவரும் அதில் கை வைக்காதேயுங்கோ. அது அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருக்கக்கூடும். கனடாவில் 2018இல் தடை செய்துவிட்டார்கள். இங்கே 1980களுக்கு முந்திய வீடுகளில் மூட்டுப் பூச்சிலேயே அது இருக்கக்கூடும் என்பதால், தேய்க்க முன்னம் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் தொடுவோம். உடைக்காமல், துளைக்காமல் கிடந்தால் பெரிய பிரச்சினை இல்லை. சுத்தியலால் அடித்துத் தும்புத்தடியால் கூட்டினால்தான் கண்ணுக்குத் தெரியாத நார் வீடு முழுக்கப் பறக்கும்.

நான், காலை 9.50
உலக சுகாதார நிறுவனமும் எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்றே சொல்கிறது. எடுக்கத்தான் வேண்டும் என்றால் நனைத்து, முழுச் சீற்றாகக் கழற்றி, பொலித்தீனில் சுற்ற வேண்டும். ஆச்சியும் குழந்தைகளும் அன்று அந்த வீட்டில் நிற்கவே கூடாது.

சித்தி, காலை 9.52
சரி சரி, கிடக்கட்டும். நான் சும்மா கேட்டேன்.

அத்தான், பிற்பகல் 5.38
இங்கே பக்கத்தில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கடைக்குள் போர்ட் அடித்த ஆளைப் பிடித்தேன். கடைக்காரர் உள்ளே விட்டார். போன் டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பார்த்தேன், மூட்டு ஒன்றும் தெரியவில்லை. ஒரு இடத்தில் மட்டும் ஆணித் தலை தெரிந்தது, அதை அவரே காட்டினார். பொய் சொல்லாத ஆள் போலத்தான் இருக்கிறது.

சின்னண்ணா, பிற்பகல் 5.44
காசு?

அத்தான், பிற்பகல் 5.51
சாமான் எங்களுடையது. கூலியில் சட்டம் அடித்ததும் ஒரு பங்கு, போர்ட் மூடியதும் ஒரு பங்கு, கடைசிப் பங்கு பெயின்ட் காய்ந்து டோர்ச் அடித்துப் பார்த்த பிறகு. டைல்ஸுக்கு வேறு ஆளை அவரே கூட்டிவருவார், அந்த விலை தனி. மற்றவரைவிடக் கூட, ஆனால் வீட்டை வந்து பார்க்காமல் விலை எழுத மாட்டேன் என்றார்.

பெரியக்கா, பிற்பகல் 5.55
சனிக்கிழமை காலை வரச் சொல்லுங்கோ. அதற்குள் பாத்ரூம் பைப்பைப் பூட்டிவிட்டு நான்கு நாள் விட்டுப் பார்ப்போம், ஈரம் குறைகிறதா என்று.

சின்னண்ணா, பிற்பகல் 6.03
அக்கா, 8 அடிப் போர்ட் உங்கள் மாடிப்படி வளைவில் திரும்பாது. கடையிலேயே வெட்டினால் மூட்டுக் கூடும். பல்கனியால்தான் ஏற்ற வேண்டும்.

அத்தான், பிற்பகல் 6.05
கயிறு இருக்கிறது. ஆள்தான் இல்லை.

சின்னண்ணா, பிற்பகல் 6.06
நான் வருகிறேன். மழை இருட்டினால் அன்று சாமான் இறக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் முதலே சொல்லிவையுங்கோ.