நான்கு பூனைகளுடன் கும்பகோணத்திலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தோம். எட்டு நாளாகியும் வீடு அடங்கவில்லை

கொல்லைப்புறம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் முற்றமும் கொல்லையும் உள்ள ஓட்டு வீட்டில் பதினான்கு ஆண்டுகள் குடியிருந்த நாங்கள், என் கணவரின் பணியிட மாற்றத்தால், ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, சென்னை நங்கநல்லூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு வந்து எட்டு நாட்களாகின்றன. எங்களுடன் வந்த பூனைகள் நான்கு: 12 வயதுக் கிழவி செல்லம்மா, ஒரே ஈற்றில் பிறந்த 4 வயது ஆண்கள் கறுப்பனும் வெள்ளையனும், ஒன்றரை வயதுப் பெண் சுண்டு. எல்லாருக்கும் கருத்தடை செய்தாகிவிட்டது, தடுப்பூசியும் தவறியதில்லை. அவர்களை ஏற்றிவந்த கூடைகளை மட்டும் புறப்படுவதற்கு முந்தைய நாள்தான் வாங்கினேன். அது தவறு என்று வழியெல்லாம் கேட்ட அலறலில் புரிந்தது.

செல்லம்மா சமையலறைப் பரணில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் புகுந்துகொண்டு, இரவில் விளக்கெல்லாம் அணைந்த பிறகே இறங்கிச் சாப்பிடுகிறாள். பிறந்தது முதல் ஒரே சாக்கில் ஒருவர்மேல் ஒருவர் படுத்துறங்கிய அண்ணனும் தம்பியும் எதிரெதிரே வந்தால் சீறுகிறார்கள். சுண்டு விடியும்வரை வாசற்கதவடியில் உட்கார்ந்து கத்துகிறாள். பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள், குடியிருப்போர் சங்கச் செயலாளரோ நான்கு பூனைகளுக்கு விதியில் இடமில்லை என்கிறார். கறுப்பன்தான் பெருந்தொல்லை. நேற்றுக் காலையிலிருந்து குளியலறைத் தரை, மிதியடி, துணிக்கூடை என்று கண்ட இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறான். ஊரை விட்டுக் கொண்டுவந்த கோபத்தில் வேண்டுமென்றே செய்கிறான் என்கிறார் மாமியார். நானும் காலையும் மாலையும் ஃபினாயில் ஊற்றித் துடைத்து அலுத்துப்போனேன். அவர்கள் மலசலம் கழிக்கும் மண் தட்டுகள் இரண்டு, சலவை இயந்திரத்தின் அருகில் வைத்திருக்கிறேன், வேறு இடமில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

வேம்படி நிழல் எழுதியது:

சகோதரி, மற்ற மூவரையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கறுப்பனை இந்த நிமிடமே கவனியுங்கள். உட்கார்ந்து எழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று எழுதவில்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. இடமாற்றம் போன்ற மன அழுத்தத்தில் சிறுநீர்ப்பை அழற்சி கொண்டு, சளியும் உப்புத் துகள்களும் சேர்ந்து அந்தக் குழாயை அடைத்துவிடுவது உண்டு. முழுவதும் அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாட்களுக்குள் இதயமே நின்றுவிடும். தட்டில் புதிய மண்ணைப் பரப்பி அவனை மட்டும் ஓர் அறையில் விட்டுப் பாருங்கள். முக்கிக்கொண்டே இருந்து ஒன்றும் வராவிட்டாலும், இரண்டொரு சொட்டுதான் வந்தாலும், விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். அடிவயிற்றை நீங்களாக அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். என்னிடம் இருந்த பூனை ஒன்றை, மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தே இழந்தேன்.

கொல்லைப்புறம் எழுதியது:

நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் அவனைக் குளியலறையில் தட்டுடன் விட்டுப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் ஆறு முறை உட்கார்ந்தான்; மண்ணில் ஒரு ரூபாய் நாணயம் அளவுகூட ஈரம் இல்லை. அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப நக்கிச் சிவக்கவைத்திருந்தான். இரவோடு இரவாகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். சிறுநீர்ப்பை சாத்துக்குடி அளவுக்குக் கல்லாக இறுகியிருப்பதாகச் சொல்லி, மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகி நீரை எடுத்தார். இரத்தம் கலந்து வந்தது. இரண்டு நாட்கள் அங்கேயே இருக்க வேண்டுமாம். மாமியார் அழுகிறார். நானும் இரண்டு நாளாக அவனை அதட்டிக்கொண்டே இருந்தேன்.

மூன்று வால் எழுதியது:

உயிர் தப்பியது பெரிய ஆறுதல், அம்மா. மறுபடியும் அடைத்துக்கொள்வது உண்டு என்பதால், திரும்பிய பிறகு உலர் தீவனத்தைக் குறைத்து, மருத்துவர் சொல்லும் ஈரத் தீவனத்தை வெந்நீர் கலந்து கொடுங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். நீங்கள் தனித்தனித் தொல்லைகளாக எழுதியிருப்பவை பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. பூனைக்கு வீடு என்பது மணம்தான். கும்பகோணத்துத் தூண்களிலும் நிலைப்படியிலும் பல ஆண்டுகளாகக் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து நால்வரும் சேர்ந்து உண்டாக்கிய பொது மணத்தை அங்கேயே விட்டுவிட்டு, சுண்ணாம்பும் வண்ணப்பூச்சும் மணக்கும் சுவர்களுக்கு நடுவில் வந்திருக்கிறார்கள். எங்கேயாவது கொஞ்சம் தேய்த்துவைத்தால் அதையும் நாளுக்கு இரண்டு முறை ஃபினாயிலால் அழித்துவிடுகிறீர்கள். ஃபினாயிலை உடனே நிறுத்துங்கள். மணத்தை அழிப்பது மட்டும் அதன் குற்றமில்லை. ஃபினால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத்தரையில் நடந்த பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போகும். அலமாரியில் அந்துருண்டை போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சிறுநீர் பட்ட இடத்தை வெந்நீரால் இரண்டு மூன்று முறை கழுவி, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த திரவத்தை ஊற்றி ஊறவிட்டுத் துடைத்தால் போதும். ஊரிலிருந்து கொண்டுவந்த சாக்கு, பழைய விரிப்பு எதையும் துவைத்துவிடாதீர்கள். துவைத்துவிட்டீர்களா?

கறுப்பன் திரும்பும்போது மருத்துவமனை மணத்தோடு வருவான். வெள்ளையன் அவனை அந்நியன் என்றே எண்ணி அடிக்கப் பாய்வான். ஆகவே நேரே கூடத்தில் இறக்கிவிடாமல், ஓர் அறையில் தனியாக வையுங்கள். சுத்தமான காலுறை ஒன்றை எடுத்து வெள்ளையனின் கன்னத்தில், காதுக்கும் வாயோரத்துக்கும் இடையில் தேய்த்து, கறுப்பன் படுக்குமிடத்தில் போடுங்கள். மற்றொன்றைக் கறுப்பனிடம் தேய்த்து வெள்ளையனிடம் போடுங்கள். காலுறையைக் கண்டு சீறுவது நின்ற பிறகு, மூடிய கதவின் இரு பக்கமும் இருவருக்கும் ஒரே நேரத்தில் உணவு வையுங்கள். முகத்துக்கு முகம் பார்ப்பது அதற்கும் பிறகுதான். என் வீட்டில் இதற்குப் பத்து நாட்கள் ஆயின. உங்களுக்குக் கூடுதலாகவும் ஆகலாம்.

தட்டுகளைப் பற்றி ஒன்று. நான்கு பூனைகளுக்கு ஐந்து தட்டு என்பது கணக்கு. அடுக்கக வீட்டில் ஐந்துக்கு எங்கே போவது? ஆனால் நான்கு தட்டுகளாவது வைத்து, அவற்றை வெவ்வேறு மூலைகளில் பிரித்துவிடுங்கள். அடுத்தடுத்து வைத்த இரண்டும் பூனையின் கணக்கில் ஒன்றுதான், அதிலும் சலவை இயந்திரம் அதிர்ந்து சுழலும்போது எந்தப் பூனை அங்கே கால்வைக்கும்? கொல்லை மண் பழக்கத்துக்கு, ஒரு தட்டில் மட்டும் சலித்த தோட்ட மண்ணைக் கடையில் வாங்கும் பூனை மண்ணோடு பாதிக்குப் பாதி கலந்து, வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

தஞ்சாவூர்க்காரர் எழுதியது:

சுண்டு இரக்கத்தைக் கிளப்பும்படி கத்தினாலும் கதவைத் திறந்துவிட வேண்டாம். குடிபெயர்ந்த பூனை பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டு வழிதவறுவது சாதாரணம். தனி வீடாக இருந்தால்கூட மூன்று நான்கு வாரம் உள்ளேயே வைத்த பிறகுதான் வெளியே விடலாம். மூன்றாம் மாடியில் அந்தப் பேச்சே இல்லை. மாலையில் அரை மணி நேரம் கயிறு கட்டிய இறகை இழுத்து ஓடவிட்டு, படுக்கும் நேரத்தில் வயிறாரச் சாப்பாடு கொடுத்தால் இரவுக் கத்தல் குறையும். பால்கனிக்குப் புறா வலை போட்டிருக்கிறீர்களா? கம்பித் தடுப்பை நம்பாதீர்கள். தலை நுழைகிற இடைவெளியில் உடலும் நுழையும்.

சங்கச் செயலாளர் விஷயத்தில் சண்டையைவிடத் தடுப்பூசிப் புத்தகம் நன்றாகப் பேசும். அடுக்ககத்தில் செல்லப்பிராணிகளை முற்றிலும் தடைசெய்யும் சங்க விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியிருக்கிறது. அது தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்றாலும், பணிவாக எழுதிக்கொடுக்கும் கடிதத்தில் குறிப்பிடலாம்.

கொல்லைப்புறம் எழுதியது:

இருபத்து மூன்று நாட்கள் கழித்து எழுதுகிறேன். ஃபினாயில் புட்டியை மாமியாரே கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். விரிப்புகளைத் துவைத்துத்தான் இருந்தேன். நல்லவேளையாகச் சாக்கு மட்டும் மூட்டை கட்டிய துணிகளுக்கிடையில் மறந்துபோய்க் கிடந்தது. அதைக் கூடத்தில் விரித்த அன்று சுண்டு முகர்ந்து பார்த்துவிட்டு அதிலேயே சுருண்டு தூங்கினாள்; அன்றிரவுதான் முதன்முதலாகக் கதவடியில் கத்தல் இல்லை. கறுப்பன் தட்டு மண் கட்டி கட்டியாகும் அளவுக்குச் சிறுநீர் கழிக்கிறான், நான் அந்தக் கட்டிகளை எண்ணிக் குறித்துவைக்கிறேன். வெள்ளையன் பதினான்காம் நாள்வரை சீறினான். நேற்று மதியம் இருவரும் அதே சாக்கில், நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, முதுகு காட்டிப் படுத்திருந்தார்கள்.

செல்லம்மா மட்டும் இன்னும் பரணில்தான். சாப்பாட்டை அங்கேயே வைக்கிறேன், மிச்சமில்லாமல் சாப்பிடுகிறாள். தூக்கி இறக்கிவிடலாமா?

வேம்படி நிழல் எழுதியது:

வேண்டாம், சகோதரி. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாமல் இருந்தால் மட்டும் பூனைக்குக் கல்லீரல் கெடும், அப்போது மருத்துவரிடம் போங்கள். சாப்பிடுகிறவரை பரண் அவளுடையது. பன்னிரண்டு வயது மூட்டுகளுக்கு ஏற இறங்க வசதியாக ஒரு முக்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன்மேல் சாக்கின் ஒரு துண்டை வெட்டி விரித்துவிடுங்கள்.