காவற்பரணில் ஏறும் இளைஞனுக்கு எந்தப் பாதுகாப்புப் பட்டி?

கேள்வி (வெல்லாவெளி): யானை வருவதைக் கவனிப்பதற்காக எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) மருதமரத்தின் மேல் 15 அடி உயரத்தில் பரண் கட்டியிருக்கிறோம். இந்தப் போகம் 18 வயதான என் மருமகனும் இரவுக் காவலுக்கு வருகிறான். மெலிந்தவன், 48 கிலோ. அவனுக்கு இடுப்புப் பட்டி போதுமா?

மறுமொழி 1: போதாது, ஐயா. விழும்போது இடுப்புப் பட்டி மேலேறி நெஞ்சை நெரித்து மூச்சை அடைக்கும். மெலிந்த பிள்ளை அதிலிருந்து நழுவிவிடவும் கூடும். தோள், நெஞ்சு, இரு தொடைகள் ஆகியவற்றைத் தாங்கும் முழு உடற்பட்டியையே வாங்குங்கள். அதன் சீட்டில் குறித்துள்ள எடை வரம்புக்குள் அவன் எடை அடங்குகிறதா என்பதையும், தொடைப்பட்டிக்குள் விரித்த கை மட்டுமே நுழையும் அளவுக்கு அது இறுகுகிறதா என்பதையும் கடையிலேயே அணிவித்துப் பாருங்கள்.

மறுமொழி 2: பரணில் இருக்கும்போது மட்டுமல்ல, ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் நொடியிலும் ஆட்கள் விழுகிறார்கள். ஆகவே நிலத்திலிருந்தே கொளுவிக்கொண்டு ஏறும்படி உயிர்காப்புக் கயிறு ஒன்று தொங்க வேண்டும். மேலே போனபின், உடற்பட்டியை மரத்தோடு பிணைக்கும் இணைப்புக் கயிற்றைத் தலைக்கு மேலே மரத்தில் கட்டி, உட்கார்ந்தால் தொய்வு இல்லாதவாறு வையுங்கள். தொங்க நேர்ந்தால் தொடைப்பட்டி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் என்பதால், கால் ஊன்றி நிற்க ஒரு கயிற்று வளையமும் அவன் பையில் இருக்கட்டும்; தனியாக மட்டும் அனுப்பாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. கட்டட வேலையில் பாவித்த முழு உடற்பட்டி ஒன்று கைவசம் உண்டு. தோள் தையலில் நூல் பிரிந்திருக்கிறது.

மறுமொழி 1: அதை வெட்டி எறிந்துவிடுங்கள், ஐயா. ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய பட்டியையும் மறுபடி பாவிக்கக்கூடாது.