ஆறு வருட ரிப்போர்ட்டை ஒரே தாளில் எழுதியபோது

நான் ஆறு வருடமாக ஒரே ரத்தப் பரிசோதனை முகாமுக்குப் போகிறேன். சுகர், கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு), ஹீமோகுளோபின் என்று அடிப்படையான சில சோதனைகள் மட்டும்தான். கட்டணம் குறைவாக இருப்பதும் அதனால்தான். ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் செய்வதையே நானும் செய்வேன். வரம்பு தாண்டித் தடித்த எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழே ஒரு ஓட்டம், இல்லையென்றால் மடித்து பீரோவுக்குள்.

போன வருடம் பீரோவை ஒழிக்கும்போது ஆறு ரிப்போர்ட்டும் ஒன்றாகக் கையில் சிக்கின. கை சும்மா இருக்கவில்லை, ஒரு நோட்டில் வருட வாரியாக எழுதிப் பார்த்தேன். கிரியேட்டினின் வரிசை இப்படி இருந்தது: 0.9, 0.9, 1.0, 1.0, 1.1, 1.2. அந்த லேபின் மேல் வரம்பு 1.3. ஒரு வருடம்கூட அது தடித்த எழுத்தில் வந்ததில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஆறுமே 'நார்மல்'. ஆனால் வரிசையாகப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மருத்துவரிடம் நோட்டோடு போனேன். வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் முதல் வருடம் 100-க்கு மேல் இருந்திருக்கிறது, இப்போது 54 வயதில் 72. "இதை வைத்து நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்" என்றார். மறுபடி ரத்தம், கூடவே சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சோதனை. அப்புறம் ஒரு கேள்வி: "வலி மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா?"

போடுகிறேன். முட்டி வலிக்கு, நாலு வருடமாக, கிட்டத்தட்ட தினமும். கடையில் கேட்டால் கொடுக்கிறார்கள் என்பதால் அதை நான் மருந்தாகவே நினைத்ததில்லை. அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். அன்றோடு நிறுத்தினேன். மூன்று மாதம் கழித்து கிரியேட்டினின் 1.0. புரதம் போகவில்லை. முட்டி வலி மட்டும் இன்னும் இருக்கிறது, அதற்குப் பயிற்சி செய்கிறேன் (செய்வதாகச் சொல்லிக்கொள்கிறேன்).

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

*

எனக்கு நடந்தது நேர் எதிர். முகாமில் ரத்தம் கொடுத்த அன்று ராத்திரி ஒன்பதரைக்கு போன். "பொட்டாசியம் 6.1, உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்." இயல்பான அளவு 3.5-க்கும் 5-க்கும் நடுவில். ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று போகிற வழியில் செல்போனில் படித்துவிட்டேன், படித்திருக்கக் கூடாது. கணவர் வண்டி ஓட்டுகிறார், நான் பின்னால் உட்கார்ந்து என் நாடியை நானே எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அங்கே ஈசிஜி எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள், பொட்டாசியம் 4.3. பணியில் இருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். பொட்டாசியம் பெரும்பாலும் செல்லுக்குள்தான் இருக்கும். எடுத்த ரத்தத்தில் செல்களைத் தனியாகப் பிரிக்காமல் நேரம் கடத்தினாலும், எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலும் அது வெளியே கசிந்து அளவை ஏற்றிக் காட்டும். "கையை இறுக்கி மூடி மூடித் திறந்தீர்களா?" என்றார். நரம்பு கிடைக்கவில்லை என்று முகாமில் ரத்தம் எடுத்த பையன் செய்யச் சொன்னான், நானும் பத்துப் பதினைந்து தடவை செய்தேன். அதுவும் ஒரு காரணமாம்.

போன் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், செய்யாமல் இருந்தால்தான் தப்பு. ஆனால் காலை ஏழு மணிக்கு எடுத்த டியூப் மதியம் வரை ஒரு பெட்டியில் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதை அந்த முகாம்காரர்களிடம் சொன்னபோது, "எப்பவும் அப்படித்தான் மேடம்" என்றார்கள்.

*

சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மாவுக்கு மூணு மாச சுகர், அதாவது எச்பிஏ1சி, 6.1 வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். வீடே அம்மாவின் தட்டை எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 9 என்று குறைவாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் சர்க்கரை ஏறாமலேயே இந்த எண் ஏறிக் காட்டலாம். வெறும் வயிற்றுச் சுகர் 92 தான். இரும்புக்கு வைத்தியம் பார்த்து, சில மாதம் கழித்து எடுத்ததில் 5.5. "நான்தான் அப்பவே அசதியா இருக்குன்னு சொன்னேனே" என்று அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

*

நான் முகாம்களில் ரத்தம் எடுக்கிறவள். இரண்டாவதாகச் சொன்ன சகோதரிக்கு: உங்கள் கோபம் நியாயம். கையை ஒரு தடவை மூடினால் போதும். கையில் கட்டும் பட்டையையும் ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்கக் கூடாது. கூட்டம் அதிகமானால் முதலில் காற்றில் பறப்பது இந்த இரண்டு விதிகளும்தான்.

நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று நினைத்து உதடு காய்ந்து வருகிறார்கள். நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், குத்து ரெண்டாகும், மூணாகும். தாராளமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். முதல் நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்துவிட்டு வந்தால் கல்லீரல் என்சைம் என்று நாம் நினைக்கும் ஏஎஸ்டி ஏறியிருக்கும். அது தசையிலிருந்தும் வரும்.

இன்னொன்று, முடிக்கும் நகத்துக்கும் போடுகிற பயோட்டின் மாத்திரை. ஒரு பெண் மூன்று டைராய்டு ரிப்போர்ட்டோடு வந்தாள். டைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் குறைவு, டைராய்டு சுரக்கும் டி4 அதிகம், அதாவது டைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோல, ஆனால் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. நான் படிவத்தில் மருந்துகள் என்ற இடத்தைக் காட்டினேன். "மருந்தெல்லாம் இல்லை, வைட்டமின்தான்" என்றாள். சில டைராய்டு சோதனைகளைப் பயோட்டின் இப்படிப் பொய் சொல்ல வைக்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. டாக்டரைக் கேட்டு நிறுத்திவிட்டு வா என்று அனுப்பினேன். அடுத்த ரிப்போர்ட்டில் எல்லாம் சரி.

*

எனக்கு இந்த முகாம்கள் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று அறுபதுக்கும் மேற்பட்ட சோதனைகள் கொண்ட ஒரு பேக்கேஜை எடுத்தேன். நாலு தடித்த எழுத்து. அந்த நாலையும் துரத்தி ஸ்கேன், மறு சோதனை, ரெண்டு நிபுணர், கடைசியில் ஒன்றுமில்லை. ரெஃபரன்ஸ் ரேஞ்ச், அதாவது ரிப்போர்ட்டில் போடும் 'நார்மல்' வரம்பு என்பதே ஆரோக்கியமானவர்களில் நடு 95 சதவீதம்தான், மீதி 5 சதவீதம் நல்ல உடம்போடேயே வெளியே நிற்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனை எடுத்தால் ஒன்றாவது வரம்பு தாண்ட 64 சதவீத வாய்ப்பு. அறுபதுக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

*

முதலில் எழுதியவன்தான். கடைசியாகச் சொன்னவரோடு எனக்குச் சண்டையில்லை. நான் எடுப்பது எட்டோ ஒன்பதோ, அதையே வருடா வருடம், அதே மாதம், அதே லேபில். லேப் மாறினால் வரிசை குழம்பிவிடும். ஒரு வருடம் கொலஸ்ட்ரால் திடீரென்று தாவியதற்கு மாதிரியை வேறு இடத்துக்கு அனுப்பியதுதான் காரணமோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

நோட்டு போடுகிறவர்களுக்கு ஒரு தகவல். முதல் வருட முகாமில் சுகரை மட்டும் சின்ன மெஷினில் பார்த்து, பஸ் டிக்கெட் மாதிரி ஒரு வழவழப்பான சீட்டு கொடுத்தார்கள். பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் ஒரு எழுத்து இல்லை, வெள்ளைத் தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், பேத்தியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன், ஒரு 1 மட்டும் தெரிவதாகச் சொன்னாள். நோட்டில் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.