ஐந்து பேர் வாசித்தால் நவீன டாங்கோ பிழைக்குமா?

கிழக்குவாசல்:
அர்ஜென்டினாவின் ஆட்ட இசையான டாங்கோவைப் புதுப்பித்த இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசோலா இறந்தது 1992இல். அவர் பெயரில் உள்ள அறக்கட்டளையின் குழுதான் குயின்டெட்டோ ஆஸ்டர் பியாசோலா. பந்தோனியோன் (துருத்தி வைத்த பொத்தான் வாத்தியம்), வயலின், பியானோ, எலெக்ட்ரிக் கிடார், டபுள் பேஸ் என்று 1960இல் அவரே சேர்த்த அதே ஐந்து கருவிகள். இவர்களுடைய 'ரெவொலூசியோனாரியோ' 2019இல் சிறந்த டாங்கோ ஆல்பத்துக்கான லத்தீன் கிராமி வாங்கியது. அவருடைய இசை இன்னும் சூடு ஆறாமல் இருக்கிறது என்றால் அதற்கு இப்படிப்பட்ட குழுக்கள்தான் காரணம் என்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மழைக்குருவி:
இருக்கிறது. 1955இல் ஒக்தெதோ புவெனஸ் ஐரிஸ் என்ற தன் எட்டுப் பேர் குழுவில் எலெக்ட்ரிக் கிடாரைக் கொண்டுவந்து, ஆடுகிறவர்களை ஒதுக்கி உட்கார்ந்து கேட்க இசை செய்து, இது டாங்கோவே இல்லை என்று பழைய ரசிகர்கள் சண்டைக்கு வரும் அளவுக்கு உடைத்துப் போட்ட மனிதர் அவர். அவருடைய உருப்படிகளை அதே ஐந்து கருவியில் திரும்பத் திரும்ப வாசிப்பது பாதுகாப்பு வேலை. நல்ல வேலைதான், ஆனால் உயிர் என்று சொல்ல மாட்டேன். புதிதாக எழுதுகிறவர்கள் எங்கே? 2001இல் தொடங்கிய ஒர்கெஸ்தா திபிகா பெர்னாந்தெஸ் பியெர்ரோ என்ற டாங்கோ குழு தங்கள் சொந்தப் பாட்டுகளை வாசிக்கிறது, அங்கே போய்த் தேடுங்கள்.

கம்பிக்காரன்:
மழைக்குருவி, நான் வயலின் வாசிக்கிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன். பியாசோலாவின் நோட்டேஷனை வாங்கி அப்படியே வாசித்தால் பியாசோலா வரவே மாட்டார். எட்டு எண்ணிக்கையை 3, 3, 2 என்று பிரிப்பது தாளில் இருக்கும், ஆனால் அந்த அழுத்தத்தை எவ்வளவு கடிக்க வேண்டும், பியானோவும் பேஸும் எங்கே சேர்ந்து இழுக்க வேண்டும் என்பது இருக்காது. வயலினில் கம்பிகளைத் தாங்கும் குதிரைக்குப் பின்னால் கம்பியில் வில்லைத் தேய்த்து உப்புத்தாள் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் எடுப்பார்கள், அதைக் கேட்டுத்தான் கற்க முடியும். 1978 முதல் 1988 வரை பியாசோலாவோடு இருந்த வயலின்காரர் பெர்னாந்தோ சுவாரெஸ் பாஸின் வில் அதைச் செய்ததைக் கேட்டுப் பாருங்கள். ஒரே ஐந்து பேர் வருடக்கணக்கில் சேர்ந்து உட்காராமல் இது கைக்கு வராது. பெரிய சாஸ்திரிய இசைக்கலைஞர்கள் ஆளாளுக்கு ஒரு பியாசோலா ஆல்பம் போடுகிறார்கள், சுத்தமாக இருக்கிறது, எனக்குக் கடி போதவில்லை.

மழைக்குருவி:
கற்றுக்கொடுப்பது வேறு, மேடை வேறு. வயதான வாத்தியக்காரர்களின் பக்கத்தில் இளைஞர்களை உட்காரவைத்துப் பழைய பாணிகளைக் கற்றுத்தர 2000இல் புவெனஸ் ஐரிஸில் ஒரு ஒர்கெஸ்தா எஸ்குவேலாவே, அதாவது பள்ளி இசைக்குழுவே, தொடங்கினார்கள், அதை மனதார ஏற்கிறேன். படித்து முடித்தவன் பிறகு தன் இசையை எழுத வேண்டும்.

கம்பிக்காரன்:
எழுதட்டும், யார் தடுத்தார்கள்! பியாசோலாவே 1939இல் அனிபால் த்ரோயிலோ என்ற பந்தோனியோன் கலைஞரின் டாங்கோ குழுவில் சேர்ந்து 1944 வரை அடுத்தவர் இசையைத்தான் வாசித்தார். உள்ளே இருந்து கற்றதால்தான் பிறகு எதை உடைப்பது என்று தெரிந்தது. அடுத்த பியாசோலாவுக்கு உட்கார்ந்து கற்க ஒரு இடம் வேண்டாமா?

சலங்கை:
நான் ஆடுகிறவள். மிலோங்காவில், அதாவது டாங்கோ ஆடக் கூடும் இடத்தில், இரவெல்லாம் தாரியென்சோ, தி சர்லி போன்ற குழுத்தலைவர்களின் 1930, 40களின் இசைதான் ஓடும். பியாசோலா போட்டால் பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே அந்த இசைக்கு ஆட்டக்களத்தில் வீடு இல்லை, கச்சேரி மேடைதான் வீடு. அந்த மேடையும் போய்விட்டால் வெறும் ரெக்கார்டாகத்தான் மிஞ்சும். பந்தோனியோனையும் பாருங்கள்: 71 பொத்தான், துருத்தியைத் திறந்தால் ஒரு சுரம், மூடினால் வேறு சுரம். மேடை இல்லாத ஒரு வாத்தியத்துக்கு இளவயதில் யார் இத்தனை வருடம் கொடுப்பார்கள்?

மழைக்குருவி:
சலங்கை, மேடை வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. அந்த மேடையில் பாதி நேரத்தை இன்று எழுதுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்கிறேன். பியாசோலாவின் புகழ்பெற்ற 'அடியோஸ் நோனினோ'வுக்காக டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, அதே ஐந்து கருவிக்குப் போன வருடம் எழுதிய ஒன்றை வாசியுங்கள்.

கிழக்குவாசல்:
பாதி அதிகம். அவர் எழுதிக் குவித்ததில் மேடையே ஏறாதவை நிறைய இருக்கின்றன, முதலில் அவற்றை எடுக்கட்டும். ஒரு கச்சேரிக்கு ஒரு புது உருப்படி என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

மழைக்குருவி:
ஒன்று போதாது.